பழைய கட்டிடமும் புதிய மின்சாரமும்

(செஞ்சியில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

   

இம்மாதக் கூட்டத்தில் மின்சாரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டுமென்று நமது காரியதரிசி அவர்கள் கட்டளையிட்டார்கள். கல்வி, விவாகம், வியாபாரம் ஆகிய விஷயங்களே பெரும்பாலும் நம் கூட்டங்களில் பேசப்படுவது வழக்கம். சுவருக்குள் மறைந்து கிடக்கும் கம்பியைப் பற்றி ஒரு சபை கூடிக் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். நம் பிள்ளைகள் படித்துவிட்டு உறங்குவதும், நம் வீட்டுப் பெண்கள் அடுக்களையில் நிற்பதும், நம் வியாபாரிகள் கடை திறப்பதும் அக்கம்பி ஓடும் கூரையின் கீழேதான் என்பதை நினைத்துப் பார்த்தால், இவ்விஷயம் மற்றெல்லாவற்றிற்கும் முந்தியது என்பது தானே விளங்கும்.

நமது சங்கக் கட்டிடத்தின் நிலைமை உங்களுக்குத் தெரியாததன்று. கீழே கடைகள், அதன் மேல் இரண்டு நிலைகளில் எட்டுக் குடித்தனங்கள், அதற்கும் மேலே வெளியூர் மாணவர்கள் தங்கும் அறைகள். ஏறவும் இறங்கவும் ஒரே மாடிப்படி. அந்தப் படியின் அடியில்தான் எல்லா மீட்டர்களும் மெயின் சுவிட்சுகளும் மரப்பலகையில் வரிசையாக அறையப்பட்டிருக்கின்றன. அவற்றின் கீழே சைக்கிள்களும் பழைய காகிதக் கட்டுகளும் கிடக்கின்றன. கட்டிட நிதியில் சேர்ந்திருக்கும் தொகையைக் கொண்டு முகப்பில் அலங்கார வளைவு எழுப்புவதா, மின்சார அமைப்பைப் புதுப்பிப்பதா என்னும் கேள்வி இப்பொழுது சங்கத்தின் முன் நிற்கிறது. அதைப் பற்றிய எனது அபிப்பிராயத்தைக் காரணங்களோடு எடுத்துச் சொல்லவே எழுந்து நிற்கிறேன்.

மின்சாரம் வந்த வரலாறு

நம் மாகாணத்தில் மின்சாரம் மிகப் பழமையானதன்று. சென்னை நகரில் 1895ம் வருஷம் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. நீலகிரியில் பைக்காராவின் நீர்வீழ்ச்சியிலிருந்து 1932ம் வருஷத்திலும், மேட்டூர் அணையிலிருந்து 1937ம் வருஷத்திலும், பாபநாசத்திலிருந்து 1944ம் வருஷத்திலும் மின்சாரம் உற்பத்தியாகி ஊர்களுக்குப் பரவிற்று. 1957ம் வருஷம் ஜூலை 1ந் தேதி மின்சார வாரியம் ஏற்பட்டது. அதன் பிறகு கிராமங்கள் வரையில் கம்பிகள் நீண்டன. 2010ம் வருஷத்தில் வாரியம் கழகங்களாகப் பிரிக்கப்பட்டது. 2024ம் வருஷத்தில் மறுபடியும் பிரிவினை ஏற்பட்டு, வீடுகளுக்கு மின்சாரம் வழங்கும் வேலை தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தினிடம் வந்திருக்கிறது.

இந்த வரலாற்றை நான் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. வெளியே தூண்களும் டிரான்ஸ்பார்மர்களும் பல முறை மாறிவிட்டன. மீட்டர்களும் மாறின. மாறாதிருப்பது மீட்டருக்கு இப்பால் நமது சுவரில் ஓடும் கம்பி ஒன்றுதான். மீட்டர் வரையில் கழகத்தின் பொறுப்பு. அதற்கு இப்பால் கட்டிடத்துக்கு உடையவன் பொறுப்பு. அந்தப் பொறுப்பை நாம் பார்க்கவில்லையானால் பார்ப்பார் வேறொருவரும் இல்லை.

கம்பி சுமக்கும் பாரம்

பழைய கட்டிடங்களில் கம்பி பதித்த காலத்தில் ஒரு குடித்தனத்திற்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்பட்டது என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 40 வாட் பல்புகள் ஆறு, 75 வாட் விசிறிகள் இரண்டு, ஒரு ரேடியோ. எல்லாம் ஒருங்கே எரிந்தாலும் சுமார் 440 வாட். 230 வோல்டு அழுத்தத்தில் இது இரண்டு ஆம்பியருக்கும் குறைவு. அக்காலத்து மேஸ்திரிகள் இதற்குத் தக்கபடியே கம்பி போட்டார்கள். அவர்கள் மீது குறை சொல்ல இடமில்லை.

இன்றைக்கு அதே குடித்தனத்தில் காலை ஏழு மணிக்கு என்ன நடக்கிறது? குளியலறையில் கீசர் 2000 வாட். அடுக்களையில் இண்டக்ஷன் அடுப்பு 1800 வாட். சட்டினி அரைக்கும் மிக்சி 750 வாட். குளிர்ப்பெட்டி, விசிறி, விளக்கு எல்லாம் சேர்ந்து ஒரு 400 வாட். ஆகமொத்தம் 4950 வாட். அதாவது 21 ஆம்பியருக்கு மேல். வேனிற்காலத்து இரவிலே ஏ.சி. ஓடுமானால் அதற்குத் தனிக்கணக்கு.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அதனைத் தாய்மார்களும் கவனித்துக் கேட்க வேண்டுகிறேன். கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரு மடங்கானால் அக்கம்பியில் உண்டாகும் சூடு இரு மடங்கோடு நில்லாது, நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. இரண்டு ஆம்பியருக்கென்று போட்ட வீட்டு வரவுக்கம்பியில் 21 ஆம்பியர் ஓடினால் அதன் சூடு நூறு மடங்குக்கு மேற்படுகிறது. வெளியே பார்த்தால் சுவர் வெள்ளையடித்துக் குளிர்ச்சியாகவே இருக்கும். உள்ளே கம்பியின் மேலுறை ஒவ்வொரு நாளும் வெந்துகொண்டிருக்கும்.

கம்பிக்கும் மூப்பு உண்டு. மிகப் பழைய வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் தகரக் கிளிப்பு அடித்து ஓட்டிய கம்பிகளுக்கு ரப்பர் உறை இருந்தது. ரப்பர் காலப்போக்கில் காய்ந்து, வெடித்து, விரலால் தொட்டால் பொடியாக உதிரும். அதன் பின் வந்த பி.வி.சி. உறை அதைவிட மேலானதே. ஆயினும் ஓயாத சூட்டினால் அதுவும் இறுகிப் பிளந்துவிடும். செம்பு அருமையாயிருந்த காலத்தில் பல கட்டிடங்களில் அலுமினியக் கம்பி போட்டார்கள். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தாததன்று. அதன் குறையெல்லாம் முடிச்சிலே இருக்கிறது. திருகாணியின் கீழ் அழுத்திய அலுமினியம் நாளடைவில் நசுங்கி நெகிழும். காற்றுப் பட்ட இடத்தில் மின்சாரத்தைத் தடுக்கும் ஓர் ஏடு படியும். நெகிழ்ந்த முடிச்சு சூடேறும். சூடேறியது மேலும் நெகிழும். அமெரிக்காவில் 1965ம் வருஷம் முதல் 1973ம் வருஷம் வரையில் லக்ஷக்கணக்கான வீடுகளுக்கு அலுமினியக் கம்பி போட்டு, பின்பு தீ விபத்துக்கள் நேர்ந்து விசாரணை நடந்தது. 1972க்கு முன் அலுமினியம் போட்ட வீடுகளில் முடிச்சுக்கள் தீப்பற்றும் நிலையை அடைவதற்கு, செம்பு போட்ட வீடுகளைக் காட்டிலும் 55 மடங்கு இடமிருப்பதாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கண்டது.

ஒரு முடிச்சு செய்த கேடு

நம் நாட்டிலும் ஒரு முடிச்சு எவ்வளவு கேடு விளைவிக்கும் என்பதற்குத் துக்ககரமான சாக்ஷி உண்டு. டில்லியில் உபஹார் என்னும் சினிமாக் கொட்டகையில் 1997ம் வருஷம் ஜூன் 13ந் தேதி 59 பேர் மாண்டனர். கீழ்த்தளத்தில் இருந்த டிரான்ஸ்பார்மரை அன்று காலையிலேதான் பழுது பார்த்திருந்தார்கள். கம்பியின் நுனியைக் கருவியால் அழுத்திப் பொருத்தாமல் சுத்தியலால் தட்டிவிட்டுப் போனது பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டது. அம்முடிச்சு மாலையில் கழன்று தீப்பொறி பறந்தது. கீழே மூண்ட தீயின் புகை மேலே இருந்தவர்களைக் கொன்றது. மாண்டவர்களில் பெரும்பாலோர் தீ நாக்குத் தீண்டாமலே மூச்சடைத்து மாண்டவர்கள்.

மதுரைக் கட்றாப்பாளையத்தில் 2024ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஒரு மகளிர் விடுதியில் அதிகாலையில் குளிர்ப்பெட்டி வெடித்துத் தீயும் புகையும் எழுந்ததில் இரண்டு பெண்கள் உயிரிழந்தார்கள். அந்தக் கட்டிடமும் பழையது; பிறர் பிள்ளைகளை நம்பித் தங்க வைத்த இடம். மாணவரைத் தங்க வைத்திருக்கும் நமக்கு இச்செய்தி வெறும் பத்திரிகைச் செய்தியாகலாமா?

குற்றப் பதிவுத் துறையின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், சமீப வருஷங்களில் இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறப்போர் வருஷந்தோறும் பதினாயிரத்துக்கு மேற்படுகிறார்கள். இவர்களில் வயலிலும் தெருவிலும் இறந்தவர்களோடு, தம் வீட்டு ஸ்விட்சில் ஈரக்கை வைத்து இறந்தவர்களும் அடக்கம்.

பலர் கூடி வாழும் வீட்டின் தனித்தன்மை

நிற்க. தனி வீட்டுக்காரர் தம் கம்பியை மாற்றிக்கொண்டால் அவருடைய காரியம் முடிந்தது. பல குடித்தனங்கள் உள்ள கட்டிடத்தின் கதை வேறு. இரண்டாம் நிலையில் ஒருவர் தம் சொந்தச் செலவில் உயர்ந்த கம்பியும் அழகான ஸ்விட்சும் போட்டு ஏ.சி. மாட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வீட்டுக்குள் பாரம் தாங்கும். ஆனால் அவ்வளவு மின்னோட்டமும் படிக்கட்டுச் சுவரில் எல்லாருக்கும் பொதுவாக ஏறிவரும் பழைய கம்பியின் வழியாகத்தானே வர வேண்டும்? ஆகவே அவர் தம் வீட்டைச் சீர்ப்படுத்தியதனால் பொதுக்கம்பியின் பாரம் முன்னிலும் அதிகமாயிற்றேயன்றி, கட்டிடத்தின் அபாயம் குறைந்தபாடில்லை.

நமது கோட்டையிலேயே இதற்கு உவமை இருக்கிறது. ராஜகிரியின் அடிவாரத்தில் நிற்கும் கலியாண மகாலைப் பார்த்திருக்கிறீர்கள். அடுக்கடுக்காக நிலைகள் உயர்ந்த அம்மாளிகைக்குக் கோட்டைக்கு வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து மண்குழாய் வழியாக மேல்நிலை வரையில் தண்ணீர் கொண்டு சென்றதாக எழுதியிருக்கிறார்கள். மேல்நிலையில் எத்துணைப் பெரிய தொட்டி கட்டினாலும், கீழே வரும் குழாய் ஒடுங்கியதாயிருந்தால் அது நிரம்புமா? குழாயை அளந்து மாளிகை கட்டினவர்கள் நம் ஊரில் வாழ்ந்தவர்கள். தண்ணீர்க் குழாய் ஒடுங்கியிருந்தால் தண்ணீர் குறையும், அவ்வளவே. மின்கம்பி ஒடுங்கியிருந்தால் நெருப்பு வரும். இதுவே இரண்டிற்கும் உள்ள பேதம்.

பொதுக்கம்பியில் இன்னுமோர் அபாயம் உண்டு. பெரிய கட்டிடங்களுக்கு மூன்று பேஸ் மின்சாரம் வருகிறது. ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு பேஸில் சேர்க்கப்பட்டிருந்தாலும், எல்லாவற்றுக்கும் திரும்பும் வழியாகிய நியூட்ரல் ஒன்றே. அந்த நியூட்ரல் முடிச்சு நெகிழ்ந்து அற்றுவிட்டால் சில வீடுகளில் விளக்கு மங்கும்; சில வீடுகளிலோ 230 வோல்டுக்குப் பதிலாக 400 வோல்டை நெருங்கி ஏறும். டெலிவிஷனும் குளிர்ப்பெட்டியும் ஒரு நிமிஷத்தில் கருகும். ஒரு வீட்டாரும் தவறு செய்யாமலே எட்டு வீட்டாருக்கும் நஷ்டம் விளையும். கூடி வாழ்வோர்க்குக் கேடும் கூடியே வரும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

பியூசும் காவலும்

பழைய பீங்கான் பியூஸ் நல்ல காவற்காரன். அளவுக்கு மேல் மின்னோட்டம் வந்தால் தன்னை எரித்துக்கொண்டு வீட்டைக் காக்கும். ஆனால் நம்மவர் செய்வதென்ன? இரண்டு முறை பியூஸ் போனால், "இது அடிக்கடி போகிறது" என்று கோபித்துக்கொண்டு தடித்த செம்புக் கம்பியை அதில் சுற்றிவிடுகிறார்கள். காவற்காரனைத் தூணில் கட்டிவிட்டுத் திருடனுக்குக் கதவு திறப்பதற்கு இது ஒப்பாகும். இக்காலத்தில் பியூசுக்குப் பதிலாக எம்.சி.பி. என்னும் தானியங்கி ஸ்விட்சு வந்திருக்கிறது. அதில் கம்பி சுற்ற இடமில்லை.

எம்.சி.பி. போட்டுவிட்டால் மனிதனுக்கு ஷாக் அடிக்காதென்று பலர் நம்புகிறார்கள். இது பெரும் பிழை. எம்.சி.பி. காப்பது கம்பியை. ஆறு ஆம்பியர் எம்.சி.பி. ஆறு ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழித்துக்கொள்ளும். மனிதனுடைய இருதயத்தை நிறுத்துவதற்கோ ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதுமானது. மனிதனைக் காப்பதற்கு வேறொரு கருவி உண்டு. ஆர்.சி.சி.பி. என்று கடைகளில் கேட்டு வாங்கலாம். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாயிருக்கிறதா என்று அது ஓயாமல் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவு வேறு வழியில், அதாவது மனித உடம்பின் வழியாகவோ ஈரச்சுவரின் வழியாகவோ, கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். ஆயினும் ஒருவன் இரு கைகளாலும் பேஸையும் நியூட்ரலையும் ஒருங்கே பற்றினால் இது அறியாது. ஆகவே இக்கருவி இருக்கிறதென்று அஜாக்கிரதையாக இருத்தல் கூடாது.

பழைய கம்பி உள்ள வீட்டில் இதைப் பொருத்தினால் அடிக்கடி துண்டித்துக்கொண்டே இருக்கும். கருவி கெட்டதென்று கழற்றி நேர் இணைப்புக் கொடுத்துவிடும் ஒயர்மேன்களும் இருக்கிறார்கள். கருவி கெடவில்லை, ஐயா! சுவருக்குள் மின்சாரம் கசிகிறதென்று அது உண்மை சொல்லுகிறது. மெய் சொன்னவனை வீட்டைவிட்டுத் துரத்துவது நியாயமாகுமா?

செஞ்சி மண்ணும் எர்த்தும்

எர்த்து என்று சொல்லும் நிலத்தொடர்பைப் பற்றி நம்மூருக்கென்றே விசேஷமாகச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். கீசரின் உடம்பிலோ கிரைண்டரின் உடம்பிலோ மின்சாரம் கசிந்தால், அது தொடுகிறவரைத் தாக்காமல் பூமிக்கு ஓடிவிடுவதற்காக ஏற்பட்ட வழி அது. பழைய இரண்டு துளைப் பிளக்குகளில் அந்த வழியே கிடையாது. மூன்று துளைப் பிளக்கு இருந்தாலும், பல வீடுகளில் மூன்றாவது துளையின் பின்னே கம்பி ஒன்றும் இராது. முற்காலத்தில் சிலர் தண்ணீர்க் குழாயோடு எர்த்தைச் சேர்த்துவிடுவார்கள். இரும்புக் குழாய் போய்ப் பிளாஸ்டிக் குழாய் வந்த பிறகு அந்த வழியும் அறுந்தது.

மின்சாரம் பூமிக்குள் நன்றாக இறங்குவதற்கு மண் ஈரமாயும் இளக்கமாயும் இருத்தல் வேண்டும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று கருங்கல் மலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஊர் நமது ஊர். கடைக்கால் தோண்டினாலே பல இடங்களில் பாறை முட்டுகிறது. சித்திரை வைகாசியில் மேல்மண் வறண்டு சுண்ணாம்புபோல் ஆகிவிடும். ஆற்றங்கரை ஊரில் ஒரே குழி போதுமானாலும், இங்கே அதே குழி போதாது. ஆழமாகத் துளையிட்டுக் குழாய் இறக்குவதும், ஒன்றுக்கு இரண்டாகக் குழிகள் போட்டு ஒன்றோடொன்று இணைப்பதும், கோடையில் தண்ணீர் ஊற்றி வருவதும் அவசியம். குழி தோண்டி மூடிவிட்டால் வேலை முடிந்ததாகாது. கருவி வைத்து அதன் தடையை அளந்து, அந்த எண்ணைப் புத்தகத்தில் குறித்து வைக்க வேண்டும். அதுவும் ஐப்பசி மழையில் அளந்தால் உண்மை தெரியாது. சித்திரை வெயிலில் அளப்பதே முறை.

வேலை செய்ய வேண்டிய வரிசை

வேலையை எங்கே தொடங்குவது என்பதிலேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். புது ஸ்விட்சுப் பலகையும் நிறம் மாறும் விளக்கும் போட்டுவிட்டுப் புதுப்பித்தாயிற்று என்று மகிழ்கிறார்கள். வரிசை இவ்வாறு இருத்தல் வேண்டும்.

முதலாவது, பரீக்ஷை. லைசென்சு பெற்ற மின் ஒப்பந்தக்காரரைக் கொண்டு, எல்லாச் சாமான்களையும் கழற்றிவிட்டு, மெக்கர் என்னும் கருவியால் 500 வோல்டு அழுத்தத்தில் ஒவ்வொரு கம்பியின் மேலுறையையும் சோதிக்க வேண்டும். அளவு ஒரு மெகோமுக்குக் குறையலாகாது. குறைந்த கம்பி எதுவென்று இதனால் தெரியும். நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பார் உண்டோ?

இரண்டாவது, எர்த்து. மேலே சொன்னபடி இதை முதலில் முடித்துவிட்டால், மற்ற வேலைகள் நடக்கும் காலத்திலும் ஓரளவு காவல் இருக்கும்.

மூன்றாவது, மீட்டர் இருக்குமிடம். மரப்பலகை போக வேண்டும். மாடிப்படியின் அடியிலிருந்து மீட்டர்களைக் காற்றோட்டமுள்ள, மழை படாத, பூட்டி வைக்கக்கூடிய வேறிடத்திற்கு மாற்ற வேண்டும். தீப்பற்றினால் ஓடுவதற்கு நமக்கு உள்ளது ஒரே படி. தீ தொடங்குமிடமும் அந்தப் படியாகவே இருந்தால் மேலேயிருக்கும் பிள்ளைகள் எவ்வழி இறங்குவார்கள்? மீட்டரை மாற்றுவதற்குக் கழகத்தின் அனுமதி வேண்டும். அப்பொழுதே ஒவ்வொரு வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்பளுவையும் இன்றைய தேவைக்குத் தக்கவாறு உயர்த்தக் கேட்டுக்கொள்ளலாம். குடித்தனங்களுக்குத் தனித்தனி மீட்டர் இருப்பது அப்படியே தொடர வேண்டும். 2016ம் வருஷத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் கட்டணமின்றிக் கொடுக்கத் தொடங்கிய உதவி ஏழைக் குடித்தனக்காரர்களுக்குச் சிறியதன்று.

நான்காவது, படிக்கட்டுச் சுவரில் ஏறும் பொதுக்கம்பி. இன்றைய பாரத்தையும் இன்னும் 20 வருஷத்துக்குப் பிறகு வரக்கூடிய பாரத்தையும் எண்ணிக் கனமான செம்புக் கம்பி போட வேண்டும். நிலைக்கு நிலை கம்பி புகும் துளைகளைத் தீத்தாங்கும் பூச்சால் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் அத்துளையே புகைபோக்கியாகிவிடும்.

ஐந்தாவதாகத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். விளக்கு விசிறிகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. சாதாரணப் பிளக்குகளுக்கு 2.5, கீசர், ஏ.சி., இண்டக்ஷன் அடுப்பு ஒவ்வொன்றிற்கும் 4 சதுர மில்லிமீட்டரில் தனிக்கம்பி. ஒவ்வொரு வீட்டிற்கும் ஓர் ஆர்.சி.சி.பி.; ஒவ்வொரு வரிக்கும் தக்க எம்.சி.பி. சுவரைக் கொத்த விருப்பமில்லாத வீட்டில் வெளியே பைப்பு அடித்து ஓட்டுவதில் குற்றமில்லை. அழகு சற்றுக் குறையும். பழுது பார்ப்பது எளிதாகும்.

இவ்வேலையால் பாரம் ஏறுவது மாத்திரமல்ல, இறங்கவும் இடமுண்டு. 40 வாட் பல்பின் வெளிச்சத்தை இன்று ஐந்தாறு வாட் எல்.இ.டி. விளக்கு கொடுக்கிறது. 75 வாட் விசிறிக்குப் பதிலாக 30 வாட்டுக்குச் சமீபமாக ஓடும் விசிறிகள் வந்திருக்கின்றன. படிக்கட்டிலும் மாணவர் அறைகளிலும் இவற்றை மாற்றினால் சங்கம் கட்டும் மாதாந்தரக் கட்டணம் குறையும்.

செலவு யாருடையது?

இனிச் செலவைப் பற்றிப் பேசுவோம். குடியிருப்பவர்கள் அனுபவிக்கிறார்கள், அவர்களே கொடுக்கட்டும் என்று ஒரு பெரியவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சட்டம் என்ன சொல்லுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் 2017ல் இயற்றப்பட்டு 2019ல் அமுலுக்கு வந்தது. அதன் அட்டவணையில், கட்டிடத்தின் உள்ளும் புறமும் உள்ள மின்கம்பி அமைப்பைத் தேவையானபொழுது பராமரிப்பது உரிமையாளரின் பொறுப்பென்றும், ஸ்விட்சு, பிளக்கு ஆகியவற்றைப் பழுது பார்ப்பது குடியிருப்பவரின் பொறுப்பென்றும் பிரித்துச் சொல்லியிருக்கிறது. நாம் உரிமையாளர், ஆகவே கம்பி நம்முடையது. வாடகை வாங்கும் கை கம்பி போடும் கையாகவும் இருக்க வேண்டும்.

சென்னையிலும் பிற நகரங்களிலும் அடுக்குமாடி வீடு சொந்தமாக வாங்கியிருக்கும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே உரிமையாளர் பலர். 1994ம் வருஷத்துச் சட்டத்திற்குப் பதிலாக 2022ல் இயற்றிய அடுக்குமாடி வீட்டு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சு மாதம் அமுலுக்கு வந்திருக்கிறது. பழைய கட்டிடத்தை இடித்துக் கட்டுவதற்கு மூன்றில் இரண்டு பங்கினர் இசைவு போதுமென்று அச்சட்டம் வழி செய்கிறது. ஆனால் இடித்துக் கட்டுவோம் என்று பேசிப் பேசியே பல வருஷங்கள் கழிகின்றன. அத்தனை வருஷமும் பழைய கம்பியின் கீழே குழந்தைகள் உறங்குகிறார்கள். இடிக்கப் போகிற கட்டிடத்துக்கு எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் எதற்கு என்று கேட்பாருக்கு நான் சொல்லும் பதில் ஒன்றே: கட்டிடம் இடிகிற நாள் தெரியாது, அதுவரையில் அதில் இருப்பவர்கள் மனிதர்கள்.

வளைவா, கம்பியா?

முகப்பு வளைவு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. செஞ்சிக் கோட்டை 2025ம் வருஷம் ஜூலை மாதத்தில், மராட்டிய ராணுவ நிலப்பரப்பு என்னும் தொகுதியிலுள்ள 12 கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மற்றப் பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் இருக்க, அந்த எல்லைக்கு வெளியே உள்ளது நமது கோட்டை ஒன்றுதான். நாலு திசையிலிருந்தும் வருவோர் நம் ஊர்க் கட்டிடங்களைப் பார்ப்பார்கள். முகப்பு அழகாயிருக்க வேண்டுமென்று விரும்புவது இயல்பே. அவ்வாறு ஜனங்கள் வருவது பெருகினால் நம் கீழ்க்கடைகளில் குளிர்ப்பெட்டிகளும் ஏ.சி.களும் பெருகும், பாரமும் பெருகும். ஆகையால் அழகைப் பற்றி நினைப்பவர்களும் கம்பியைப் பற்றியே முதலில் நினைக்க வேண்டியவர்களாகிறார்கள்.

வளைவுக்கு நன்கொடை கொடுத்தவர்களின் மனவருத்தத்தையும் நான் உணராமலில்லை. வளைவில் கல்வெட்டுப் பதிக்கலாம், கொடுத்தவர் பெயரைப் பொன்னெழுத்தில் எழுதலாம், பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம். சுவருக்குள் போகும் செம்புக் கம்பியில் எவர் பெயரை எழுதுவது? எர்த்துக் குழியின் மேல் எவருடைய படத்தைத் திறப்பது? நல்ல கம்பி செய்யும் உபகாரம் ஒருவருக்கும் தெரியாது. எந்த இரவில் எந்த உயிர் தப்பிற்று என்று அது கணக்குச் சொல்லாது. குளம் வெட்டினவர் பெயர் நிற்கும். குளத்தில் விழாமல் கைப்பிடிச் சுவர் கட்டினவர் பெயர் நில்லாது. அதனால் அச்சுவர் தாழ்ந்த தருமமாகுமோ? வெளியில் தெரியாத தருமமே உயர்ந்த தருமம் என்று நம் முன்னோர் சொல்லுவார்கள். அதைச் செய்து காட்டுவதற்கு இதைவிடத் தகுந்த சந்தர்ப்பம் நமக்கு வாய்க்கப் போவதில்லை.

தொகை முழுவதும் ஒரே வருஷத்தில் கிடையாது என்பது உண்மையானால், மேற்சொன்ன ஐந்து வேலைகளில் முதல் மூன்றையும் இந்த வருஷமே முடிக்கலாம். பரீக்ஷைக்கு ஆகும் செலவு சொற்பம். எர்த்துக்கும் மீட்டர் பலகைக்கும் ஆகும் செலவு வளைவுக்கு மதிப்பிட்டிருப்பதில் ஒரு பகுதியே. பொதுக்கம்பியையும் வீட்டுக் கம்பிகளையும் அடுத்த வருஷ வாடகை வருமானத்திலிருந்து நிலைக்கு நிலையாகச் செய்து முடிக்கலாம். வேலை நடக்கும் நாட்களில் மின்சாரம் நிற்கும். ஆகையால் மாணவர்களின் பரீக்ஷைக் காலம் கழிந்து, கோடை விடுமுறையில் தொடங்குவது உசிதம். மேல்நிலைகள் காலியாயிருக்கும், சித்திரை வெயிலில் எர்த்தை அளக்கவும் அதுவே தக்க காலம்.

சபையோர் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன். மாடிப்படியின் அடியில் கிடக்கும் சைக்கிள்களையும் காகிதங்களையும் நாளைக் காலையிலேயே அகற்ற வேண்டும். இதற்கு நிதியும் வேண்டாம், தீர்மானமும் வேண்டாம். பியூசுகளில் சுற்றியிருக்கும் தடித்த கம்பிகளை இந்த வாரத்திற்குள் எடுத்துவிட்டு உரிய பியூஸ் கம்பி போட வேண்டும். லைசென்சு பெற்றவரைக் கொண்டு மெக்கர் பரீக்ஷை செய்வித்து, அதன் முடிவை அடுத்த மாதக் கூட்டத்தில் எல்லாரும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். அந்த முடிவைக் கேட்ட பிறகே வளைவைப் பற்றிய ஓட்டெடுப்பு நடக்க வேண்டும். அளந்த எண்கள் கையில் இருக்கும்பொழுது வாதத்திற்கு இடமிராது.

நான் சொல்லியவற்றுள் குற்றமிருப்பின் பொறுத்து, குணமிருப்பின் கொண்டு, சபையோர் தக்கவாறு தீர்மானிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.